வக்கீல் வேண்டாம் என்றவர்

போன் வந்தபோது அவள் கையில் மேல்வரிசைப் பற்கள் ஆறு இருந்தன. எல்லாம் முன்பற்கள். ஒவ்வொன்றாக மெழுகில் நட்டு, சாய்வு பார்த்து, ஸ்பிரிட் விளக்கில் காட்டிய சிறிய கத்தியால் ஓரத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் விட்டால் மெழுகு இறுகிவிடும். அதனால் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே செருகிக்கொண்டாள்.

"நான்தான்" என்றான் கணவன். தனியாகப் போய் இரண்டு வருஷமாகியும் அவன் இன்னும் அப்படித்தான் ஆரம்பிப்பான்.

"சொல்லுங்க. கையில வேலை இருக்கு."

"கேஸ் போடறதுக்கு முன்னாடி சமரச மையத்துக்கு ஒருதடவை போலாமான்னு பாக்கறேன். பாப்பா யார்கிட்ட எத்தனை நாள் இருக்கறது, ஸ்கூல், ஆஸ்பத்திரி எல்லாத்தையும் அங்கயே உக்காந்து பேசி எழுதிக்கலாமாம்."

"சரி."

"வக்கீல் எல்லாம் வேண்டாம். நமக்குள்ள எதுக்கு வக்கீல்?"

நான்காவது பல் கோணலாக நின்றுவிட்டது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள். ஒரு மின்விசிறி வாங்குவதற்கு பஸ் பணிமனையில் நாலு பேரை யோசனை கேட்கிற மனுஷன் இவன். சொந்த மகள் விஷயத்தில் யாரையும் கேட்க வேண்டாம் என்கிறான். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி போனை வைத்துவிட்டாள். அன்று மாலைவரை அந்தக் கடைசிக் கேள்வி காதில் குடைந்துகொண்டே இருந்தது.

தெருவில் அவளைப் பல்லக்கா என்பார்கள். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் நோயாளியின் வாயிலிருந்து எடுத்து அனுப்பும் அச்சை வைத்துப் பல் செட் செய்பவள். அவள் வேலை செய்யும் லேப் செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் பிளாஸ்டர் தூசி, இன்னொன்றில் அடுப்பும் மெழுகும். இருபது வருஷமாக அந்த வேலை. வருகிற எந்த அச்சையும் அவள் அப்படியே நம்பியது கிடையாது. உற்றுப் பார்ப்பாள், திருப்பிப் பார்ப்பாள், டாக்டருக்கு போன் போட்டு, "இது அந்தப் பேஷண்ட்டோட வாய்தானா டாக்டர்?" என்பாள். அவர்கள் எரிந்து விழுவார்கள். ஆனால் ஒருமுறை, ஒரே ஒருமுறை, அது வேறு யாருடைய வாயாகவோ இருந்தது. அதற்குப் பிறகு அவளை யாராலும் திருத்த முடியவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பாள். படியிறங்கிவிட்டுத் திரும்ப வந்தும் இழுத்துப் பார்ப்பாள். கணவன் நகரப் பேருந்து டிரைவர். எந்த வண்டி, எந்த நேரம், கண்டக்டர் யார் என்று தினமும் கேட்பாள். வேறொரு டிரைவரின் மனைவியிடம் விசாரித்துச் சரியா என்றும் பார்த்துக்கொள்வாள். அவன் அப்படியொன்றும் தப்புத்தண்டாவுக்குப் போகிறவன் இல்லை. பத்து வருஷம் சண்டை பிடித்தபடியே பொறுத்தான். பிறகு ஒருநாள், "செக்கிங் இன்ஸ்பெக்டர் பஸ்ல ஏறினாலாவது அடுத்த ஸ்டாப்ல இறங்கிடுவார். நீ இறங்கவே மாட்டேங்கற" என்று சொல்லிவிட்டு, துணிமணியை எடுத்துக்கொண்டு தன் அக்கா வீட்டு மாடிக்குக் குடிபோனான்.

அவள் அப்படி ஆனதற்கு ஒரு காரணம் இருந்தது. அவளுக்குப் பதினொரு வயதில் அப்பா இறந்தார். மூன்றாம் மாதம் சித்தப்பா ஒரு பத்திரத்தோடு வந்தார். அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒருதடவை வக்கீலிடம் காட்டிவிடலாமா என்று தயங்கினாள். "நமக்குள்ள எதுக்கு அண்ணி வக்கீல்?" என்றார் சித்தப்பா. அம்மா இஸ்திரி மேஜையிலேயே பத்திரத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். எட்டே மாதத்தில் அவர்கள் அந்த வீட்டிலிருந்து ஒற்றை அறைக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு அம்மா வக்கீல் வைத்தாள். அந்த வக்கீல் ஒன்பது வருஷம் வாய்தா வாங்கினார். பத்தாம் வருஷம் இறந்துபோனார். கேஸ் கட்டு எங்கே என்று அவருடைய ஜூனியருக்கும் தெரியவில்லை.

ஆக, வக்கீல் வேண்டாம் என்கிறவர்களையும் அவள் நம்பமாட்டாள், வக்கீலையும் நம்பமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் உட்காரக்கூட இல்லை.

"நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார். அவர் வந்து உக்காந்தா எதிராளி வாயத் திறக்க மாட்டான்."

"எதிராளி என்ன எதிராளி? அவர் பாப்பாவோட அப்பா."

"அவனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வர்றியா?"

"பரியல. நீ ஏன் இப்படிப் பறக்கறே? அந்த வக்கீல் உனக்கு என்ன தர்றார்?"

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கொடுமையான கேள்வி என்று அவளுக்கே பட்டது. அண்ணன் கோபப்படவில்லை. ஜன்னலோரம் போய் நின்றுகொண்டான். "அன்னிக்கு அம்மாவுக்குப் பேனா எடுத்துக் கொடுத்தது யார் தெரியுமா?" என்றான்.

"யாரு?"

"நான்தான். அம்மா யோசிச்சுக்கிட்டே நின்னாங்க. 'சித்தப்பாதானே, போடும்மா'ன்னேன். எனக்கு விளையாடப் போகணும். பசங்க வாசல்ல நின்னு கூப்பிட்டுட்டு இருந்தானுங்க."

முப்பது வருஷமாக அவளுக்கு அது தெரியாது. அன்று அவள் அடுத்த அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் சொன்னது அத்தனையும் உண்மை என்றுதான் தோன்றியது. இருந்தாலும் அவன் சொன்ன வக்கீலிடம் அவள் போகவில்லை. அண்ணனுக்கும் தெரியாத, கணவனுக்கும் தெரியாத, பல் டாக்டர்கள் யாருக்கும் தெரியாத ஒருவரைத் தேடினாள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், ஒரு வக்கீலம்மா கிடைத்தார்.

வெளியே நாற்காலியில் ஒரு பெண் காத்திருந்தாள். "இவங்க எப்படி?" என்று பல்லக்கா மெல்ல விசாரித்தாள்.

"ரொம்ப நல்ல மனுஷி. நாலு வருஷமா வர்றேன்."

நாலு வருஷம் என்றதும் பல்லக்கா எழுந்துவிட்டாள். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

வக்கீலம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். எல்லாவற்றையும் கேட்டு முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் கூட வரணும்னு சொல்றீங்களா?"

"வரணுமா வேண்டாமான்னு தெரியாமத்தான் வந்திருக்கேன்."

"நான் வந்து உக்காந்தா அவரும் ஒருத்தரைக் கூட்டிட்டு வருவார். அப்புறம் நாங்க ரெண்டு பேரும் பேசுவோம். நீங்க ரெண்டு பேரும் வேடிக்கை பாக்கணும். உங்களை அடிப்பாரா? மிரட்டுவாரா? அவர் முன்னாடி பேச பயமா?"

"அதெல்லாம் கிடையாது."

"அப்ப முதல்ல நீங்களே போய்ப் பேசுங்க. சந்தேகம்னா வந்து கேளுங்க. ஆனா எந்தப் பேப்பர்லயும் அங்கயே கையெழுத்துப் போட்டுடாதீங்க. எங்கிட்ட கொண்டாங்க, படிச்சுச் சொல்றேன். அதுக்கு மட்டும் ஃபீஸ் கொடுத்தா போதும்."

வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லும் வக்கீலை அவள் கேள்விப்பட்டதே இல்லை. படியிறங்கும்போது, ஒருவேளை அவன் முன்னாலேயே வந்து இந்தம்மாவைப் பார்த்துச் சொல்லிவைத்துவிட்டானோ என்று நினைத்தாள். பாதிப் படியில் நின்று, திரும்ப ஏறிப் போய், கதவருகே நின்று கேட்டாள்.

"என் வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"நீங்க இன்னும் அவர் பேரையே சொல்லலையேம்மா" என்றார் வக்கீலம்மா.

சமரச மையத்தில் வட்ட மேஜை ஒன்றும் ஒரே உயரத்தில் மூன்று நாற்காலிகளும் இருந்தன. மத்தியஸ்தர் வழுக்கைத் தலையர். அவசரமே இல்லாமல் பேசினார். இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டாது என்று அவர் சொன்னபோது அவள் கூரையின் நாலு மூலையையும் பார்த்துக்கொண்டாள். கணவன் இளைத்திருந்தான். அவள் கேட்டதற்கெல்லாம் சரி என்றான். மகள் பள்ளி நாட்களில் அம்மாவிடம். சரி. ஆஸ்பத்திரி என்றால் அம்மா முடிவு. சரி. சனி ஞாயிறு மட்டும் அப்பாவிடம். சரி.

அவன் மறுத்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சண்டை பிடிக்காத கணவனை அவளுக்குப் பழக்கமில்லை.

அடுத்த அமர்வுக்கு இருவரும் சம்பளச் சீட்டும், வேலை செய்யும் இடத்திலிருந்து வேலை நேரம் பற்றி ஒரு கடிதமும் கொண்டுவர வேண்டும் என்றார் மத்தியஸ்தர். "கொண்டாந்துடறேன் சார்" என்றான் கணவன். இரண்டாம் அமர்வுக்கு வெறுங்கையோடு வந்தான். ஆபீசில் ஆள் லீவாம். மூன்றாம் அமர்வை அவனே தள்ளிப்போட்டான்.

மகளுக்கு ஒன்பது வயது. ஞாயிறு மாலை அப்பா வீட்டிலிருந்து வந்தால் பையைக் கழற்றுவதற்குள் கேள்விகள் ஆரம்பித்துவிடும். யார் வந்தார்கள், எங்கே போனீர்கள், அப்பா போனில் யாரிடம் பேசினார். குழந்தை நின்றபடியே பதில் சொல்லும். அந்த வாரம் கேட்டபோது, "எங்கயும் போகல. அப்பா இப்பல்லாம் பைக்கே எடுக்கறதில்ல. நடந்துதான் போறோம்" என்றது.

"எப்பத்துலேர்ந்து?"

"தெரியல. ரொம்ப நாளா."

பைக்கை விற்றுவிட்டான் என்று முடிவு கட்டினாள். சம்பளச் சீட்டைக் காட்டமாட்டேன் என்கிறான். கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறான். எல்லாவற்றையும் காசாக்கிக்கொண்டு எங்கோ கிளம்பப் பார்க்கிறான். இன்னொருத்தி இருக்கலாம். வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கலாம். கையெழுத்து விழும்வரை நல்லபிள்ளை, அப்புறம் ஆள் கம்பி நீட்டிவிடுவான்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டுப் பணிமனைக்குப் போனாள். எதிர்ப்பக்க நிழலில் ஒன்றரை மணி நேரம் நின்றாள். அவன் வழக்கமாக ஓட்டும் பேருந்து வெளியே வந்தது. ஸ்டியரிங்கில் மீசை வைத்த வேறு யாரோ இருந்தார். அவள் வாசலுக்குப் போனாள். காவலாளி என்ன வேண்டும் என்றதும் வாயில் வந்த பொய்யைச் சொன்னாள்.

"பஸ்ல குடையை விட்டுட்டேன்."

"உள்ள போய் லெஃப்ட்ல கடைசி ஜன்னல்மா. தொலைஞ்ச சாமான் எல்லாம் அங்கதான்."

கடைசி ஜன்னலுக்குப் பின்னால் அவள் கணவன் உட்கார்ந்திருந்தான். முன்னால் குடைகள், டிபன் பாக்ஸ்கள், ஒற்றைச் செருப்பு ஒன்று. ஒரு பையில் விவரச் சீட்டைக் கட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"என்ன தொலைச்சே?" என்றான்.

"குடை."

"என்ன கலர்?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. அவன் கதவைத் திறந்து உள்ளே வரச் சொன்னான். ஸ்டூலில் உட்கார்ந்தாள். பக்கத்து அலமாரியில் ஒரு டப்பாவில் கீழ்வரிசைப் பல் செட் ஒன்று இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். அவளுடைய லேபில் செய்தது இல்லை.

"ஏன் வண்டி ஓட்டல?" என்றாள்.

அவன் சொன்னான். ஏழு மாதம் முன்பு, காலை முதல் டிரிப் எடுக்கும் முன் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது விழுந்துவிட்டான். வலிப்பு. ஆஸ்பத்திரியில் நாலு நாள். மாத்திரை எழுதிக் கொடுத்து, இனி வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள். நிர்வாகம் அவனை இந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்தது.

"வண்டி எடுத்ததுக்கு அப்புறம் வந்திருந்தா? காலையில ஸ்கூல் பசங்கதான் நிறைய" என்றான்.

"எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"உங்கிட்ட சொன்னா நீ வக்கீல்கிட்ட சொல்வே. வக்கீல் டாக்டர் பேப்பரக் கேப்பார். வலிப்புக்காரன்கிட்ட பொம்பளப் புள்ளைய விட முடியாதுன்னு எழுதிடுவாங்க. சனி ஞாயிறும் போயிடும். அதான் கையெழுத்து ஆகற வரைக்கும் வாயத் திறக்கல."

"அதுக்கப்புறம் பாப்பாவ வண்டியில ஏத்தினீங்களா?"

"ஒருநாள்கூட இல்ல."

அவள் நம்பவில்லை. சரியாகச் சொன்னால், நம்பலாம் என்று தோன்றியது, ஆனால் நம்பவில்லை. அங்கிருந்து நேராக அவனுடைய அக்கா வீட்டுக்குப் போனாள். நாத்தனார் கதவைத் திறந்து, இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவளைப் பார்த்ததில் திகைத்து நின்றாள். பல்லக்கா வாசலில் நின்றே கேட்டாள்.

"அண்ணி, பைக் எங்க?"

"கீழ நிக்குது பாரு. சாவியை எங்கிட்ட கொடுத்து ஏழு மாசமாச்சு. கேட்டாலும் தராதேக்கான்னு சொல்லித்தான் கொடுத்தான்."

படிக்கட்டுக்கு அடியில் பைக் நின்றது. சீட்டில் விரலால் ஒரு கோடு போட்டுப் பார்த்தாள். தூசி கெட்டியாக விரலோடு வந்தது. மகள் சொன்னது, அவன் சொன்னது, நாத்தனார் சொன்னது, மூன்றும் ஒத்துப்போயின. அவன் மறைத்தான் என்பது உண்மை. அவள் நினைத்த எதையும் மறைக்கவில்லை என்பதும் உண்மை.

வக்கீலம்மா முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இந்த ஒரு விஷயத்தை வச்சுக் கோர்ட்டுக்குப் போனா, அவர் குழந்தையைப் பாக்கற நேரத்தைக் குறைக்கச் சொல்லிக் கேக்கலாம். கிடைக்குமான்னு சத்தியம் பண்ண மாட்டேன். கேக்கலாம். அப்ப நான் உங்க வக்கீலா முழுசா உள்ள வரணும். இல்ல, மையத்துலயே பேசி, குழந்தைக்கு ஆபத்து வராத மாதிரி ஷரத்து எழுதிக்கலாம். இதை நான் முடிவு பண்ண முடியாது."

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"நானா இருந்தா என் புருஷன் வேற, என் பொண்ணு வேற. என் பதில் உங்களுக்குப் பொருந்தாது" என்றார் அவர்.

ஒரு வாரம் அவள் இதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. அண்ணனிடம் சொன்னால், "விடாதே, சரியா மாட்டினான்" என்பான். கணவனைக் கேட்டால் கெஞ்சுவான். மகளைக் கேட்கக் கூடாது. மெழுகில் பல் நடும்போது கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. அவன் சொல்லாமல் ஏமாற்றினான் என்ற கோபம் அவளுக்கு அடங்கவே இல்லை. ஆனால் அந்த அலமாரியும் ஒற்றைச் செருப்பும் கண்ணைவிட்டுப் போகவில்லை. தவிர, அவள் கேள்வி கேட்கத் தெரிந்தவள். விழுந்தால் என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும், மாத்திரை தவறினால் என்ன ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடிய விஷயம்தான் இது. அவனிடம் டாக்டரின் பெயரை வாங்கி, இருவருமாகப் போனார்கள். நாற்பது நிமிஷம் கேட்டாள். டாக்டர் நடுவில் இரண்டுமுறை கடிகாரத்தைப் பார்த்தார்.

கடைசியில் அவள் முடிவு செய்தாள். அறைக்குள் வக்கீல் வேண்டாம். ஆனால் வக்கீல் படிக்காத ஒரு வரியிலும் கையெழுத்து இல்லை. அவனுக்கும் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"நீங்களும் ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க. இலவசமா பாக்கறவங்க இருக்காங்க, நம்பர் தர்றேன்."

"எனக்கு எதுக்கு?"

"நாளைக்கு நான் ஏமாத்திட்டேன்னு சொல்லக் கூடாது."

மூன்றாம் அமர்வில் அவனே மத்தியஸ்தரிடம் எல்லாவற்றையும் சொன்னான். மருத்துவச் சீட்டை மேஜையில் வைத்தான். பிறகுதான் பேச்சு உண்மையிலேயே ஆரம்பித்தது. அவன் முதன்முறையாக மறுத்தான். சனி ஞாயிறோடு புதன் மாலையும் வேண்டும் என்றான். அவள் முடியாது என்றாள். ஒரு மணி நேரம் இழுபறி. அவளுக்கு உள்ளுக்குள் ஏதோ இளகியது. இந்த மனுஷனை அவளுக்குத் தெரியும்.

கடைசியில் இப்படி முடிவானது: மகள் இருக்கும் நேரத்தில் அவனுடைய அக்காவும் வீட்டில் இருக்க வேண்டும். எந்த வண்டியையும் அவன் ஓட்டக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் கடிதம் தர வேண்டும். புதன் மாலை, பரீட்சை வாரங்கள் தவிர. வக்கீலம்மா வரைவைப் படித்து, "வசதிப்படி" என்ற சொல்லை இரண்டு இடத்தில் அடித்து, நேரத்தை எழுதச் சொன்னார். "இந்த ஒரு சொல்லாலதான் எனக்குப் பாதிக் கேஸ் வருது" என்றார்.

கையெழுத்துப் போடும் நாளில் அவன் ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தான். இலவச வக்கீல் சொன்னதா, அவனாகவே எழுதியதா என்று தெரியவில்லை.

"சார், ஒரு வரி சேக்கணும்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வந்துவிட்டது, கடைசி நிமிஷத்தில் வந்துவிட்டது என்று நினைத்தாள்.

"என்னைப் பத்தி என்ன தெரியணும்னாலும் அவ எங்கிட்டயே கேக்கணும். எத்தனை தடவ வேணும்னாலும் கேக்கட்டும், நான் பதில் சொல்றேன். பாப்பாகிட்ட கேக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை மத்தியானமானா அது சாப்பிடறதில்ல சார். அம்மா என்ன கேப்பாங்களோ, நாம எதத் தப்பா சொல்லிடுவமோன்னு யோசிச்சுக்கிட்டே உக்காந்திருக்கு."

மத்தியஸ்தர் அவளைப் பார்த்தார். அவளுக்கு முகம் சுட்டது. இது பொய்யாக இருக்கலாம், நம் வாயை அடைக்க ஜோடித்ததாக இருக்கலாம் என்று பழக்கப்பட்ட மனசு சொல்லிப் பார்த்தது. பையைத் தோளில் மாட்டியபடி நின்று பதில் சொல்லும் மகளின் முகம் ஞாபகம் வந்தது. எந்தப் பதிலுக்கும் முன்னால் அது ஒரு நொடி அவள் முகத்தைப் படித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கும்.

"எழுதுங்க சார்" என்றாள்.

அந்த வரியை மட்டும் அவள் வக்கீலிடம் காட்டவில்லை.

இது நடந்து மூன்று வருஷமாகிறது. அவனுக்கு இன்னொரு முறை வலிப்பு வந்தது. அப்போது அக்கா பக்கத்தில் இருந்தாள், ஒன்றும் ஆகவில்லை. அவன் இன்னும் தொலைந்த சாமான் ஜன்னலுக்குப் பின்னால்தான் இருக்கிறான். அந்த வேலை பிடித்துப்போய்விட்டதாகச் சொல்கிறான். ஓட்டிய காலத்தில் யாரும் நன்றி சொன்னதில்லையாம். இப்போது டிபன் பாக்ஸைத் திரும்ப வாங்குகிறவர்கள்கூடச் சொல்கிறார்களாம். ஆறு மாதக் கடிதம் தவறாமல் வருகிறது. கடிதம் வந்ததும் அவள் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, இது டாக்டர் கையெழுத்துத்தானா என்று கேட்கிறாள். அண்ணன் மட்டும், நல்ல வாய்ப்பை விட்டுவிட்டாள் என்று இன்றும் குறைபடுகிறான்.

ஞாயிறு மாலை மகள் வந்து, பையைப் போட்டுவிட்டு விளையாடப் போய்விடுகிறாள். பல்லக்கா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுக்கிறாள். மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீங்க, அக்கா ரெண்டு நாளும் இருந்தாங்களா, எங்க போனீங்க, யார் வந்தாங்க. அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறான். சில வாரம் இருபது நிமிஷம் ஆகிறது. அதில் பாதிக்கு மேல் மாத்திரையும் இல்லை, விசாரணையும் இல்லை, சும்மா பேச்சுதான்.